வடசென்னைக்குப் புதிதாக வந்த பெண்ணுக்கு: யாரிடம் எதைக் கேட்பது, கேட்டதை எப்படிச் சரிபார்ப்பது

கல்யாணமாகி நான் கொருக்குப்பேட்டைக்கு வந்தது 2004 கோடையில். சென்னை முழுக்கத் தண்ணீர்ப் பஞ்சம். செஞ்சிப் பக்கம் கிணற்றடியில் வளர்ந்த எனக்கு, லாரி எந்த முனையில் நிற்கும், குடத்தை எப்போது வரிசையில் வைக்க வேண்டும் என்று ஒன்றுமே தெரியாது. இரண்டு நாள் காலிக்குடத்தோடு திரும்பினேன். வீட்டுக்காரர் விடியுமுன் லோடு ஏற்றப் போய்விடுவார், அவருக்கும் தெரியாது. மூன்றாம் நாள் எதிர்வீட்டு ஆயாதான், "இன்னாமே, புச்சா வந்துக்கிறியா? ராத்திரியே கொடத்த வெச்சிட்டுப் போயிடணும்" என்றார். அதற்குப் பிறகுதான் எங்கள் வீட்டில் ஒழுங்காகச் சமையல் நடந்தது.

அந்த ஆயா எனக்கு உறவும் இல்லை, சிநேகிதமும் இல்லை. அதன் பிறகும் பெரிதாகப் பழகியதில்லை. ஆனால் எனக்குத் தேவைப்பட்டது அவரிடம்தான் இருந்தது. மகளிர் குழுவில் வேலை பார்க்கும் இத்தனை வருஷத்தில், திருவண்ணாமலை, நெல்லூர்ப் பக்கம், ஒடிசா, பீகார், அசாம் என்று பல ஊர்களிலிருந்து வந்த பெண்களைப் பார்த்துவிட்டேன். எல்லாருக்கும் முதல் ஆறு மாதம் இதே கதைதான். ரேஷன், பால்வாடி, பிரசவம், வேலை, வாடகை என்று எல்லாவற்றுக்கும் சர்க்காரில் ஏதோ ஒரு வழி இருக்கிறது. அந்த வழி இருப்பதைச் சொல்லும் வாய்தான் கிடைப்பதில்லை. அதை எப்படித் தேடிக்கொள்வது என்பதை நான் கற்ற வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதல் வாரம்: ஒரு நோட்டு வாங்குங்கள்

ஊரிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் சொந்தக்காரர் இருக்கும் தெருவில்தான் வீடு பார்க்கிறார்கள். அது நல்லதுதான். முதல் மாத அரிசியும் அவசரத்துக்கு இருநூறு ரூபாயும் அவர்களிடமிருந்துதான் வரும். ஆனால் தகவலுக்கு அவர்களை மட்டும் நம்பினால் சிக்கிக்கொள்வீர்கள். அண்ணிக்குத் தெரிந்தது நாத்தனாருக்கும் தெரியும், நாத்தனாருக்குத் தெரியாதது அண்ணிக்கும் தெரியாது. எல்லாரும் ஒரே பாத்திரக் கடையில் வாங்குகிறார்கள், ஒரே புரோக்கரிடம் ஏமாறுகிறார்கள்.

மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்க சமூகவியலாளர் பாஸ்டன் நகரை ஒட்டிய நியூட்டனில் வேலை மாறியவர்களிடம் விசாரித்து 1973-இல் ஒரு கட்டுரை எழுதினார். தெரிந்தவர் மூலமாக வேலை கிடைத்தவர்களில் ஆறில் ஒருவர்தான், அடிக்கடி பார்க்கிற நெருங்கிய ஆள் மூலம் வேலையைக் கேள்விப்பட்டிருந்தார். மற்றவர்களுக்கெல்லாம் எப்போதாவது பார்க்கிற, அரைகுறையாகப் பழகிய யாரோ சொன்னது. அவர் விசாரித்தது படித்து உத்தியோகம் பார்க்கும் ஆண்களை. இருந்தாலும் வியாசர்பாடியில் வீட்டு வேலை தேடும் பெண்ணுக்கும் இது அப்படியே பொருந்துவதை நான் கண்ணால் பார்க்கிறேன். பெரம்பூர் ஃபிளாட்டில் ஆள் வேண்டும் என்ற செய்தி தங்கச்சியிடமிருந்து வருவதில்லை. இஸ்திரிக்காரர் சொல்கிறார், அல்லது பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மா சொல்கிறார்.

அதனால் நோட்டில் உறவு வாரியாக எழுதாதீர்கள், விஷயம் வாரியாக எழுதுங்கள். தண்ணீருக்கு யார், ஆஸ்பத்திரிக்கு யார், ஸ்கூலுக்கு யார், வேலைக்கு யார், வாடகைக்கு யார், சண்டை வந்தால் யார். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேர். ஒருவர் வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர், இன்னொருவர் வேறு தெருவோ வேறு சாதியோ வேறு மொழியோ. அந்த இரண்டாவது ஆள்தான் கஷ்டப்பட்டுத் தேட வேண்டியவர். எழுதப் படிக்கத் தெரியாவிட்டால் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள், அல்லது போனில் பெயருக்குப் பக்கத்தில் ஒரு படம் வைத்துச் சேமியுங்கள். எங்கள் குழுவில் ஒரு அக்கா நர்சம்மா எண்ணுக்குச் சிவப்பு இதயம், பால்வாடி டீச்சருக்குப் பூ என்று வைத்திருக்கிறார். தப்பாகப் போட்டதே இல்லை.

பேச்சு நடக்கும் இடத்தில் நில்லுங்கள்

வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தால் ஒன்றும் வராது. கனடாவில் கேரன் பெட்டிக்ரூ என்ற ஆய்வாளர், முதியவர்கள் காலுக்குச் சிகிச்சை பெறும் நர்ஸ் முகாம்களைக் கவனித்து 1999-இல் எழுதினார்: அவர்கள் வந்தது காலைக் காட்ட, ஆனால் அன்றாடத் தேவைக்கான பல தகவல்களும் அங்கேதான் கை மாறின. நம் பக்கத்திலும் இப்படி இடங்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு வகைச் செய்தி வரும்.

அடி பம்பும் லாரி வரிசையும் தெருச் செய்திக்கு. தண்ணீர், கரண்ட், சாக்கடை அடைப்பு, எந்த வீடு காலியாகிறது, எந்த ஹவுஸ் ஓனர் அட்வான்ஸைத் திருப்பித் தரமாட்டார், எல்லாம் அங்கே பேசப்படும். வாடகை வீடு பார்க்கும்போது கரண்டுக்கு யூனிட் எவ்வளவு என்று ஓனரிடம் கேட்குமுன், அங்கே ஏற்கெனவே குடியிருந்தவரைக் குழாயடியில் கேளுங்கள். நான் இருந்த முதல் வீட்டில் ஒரே மீட்டரில் நான்கு குடித்தனம். சர்க்கார் ரேட் ஒன்று, ஓனர் வாங்கியது வேறொன்று. பக்கத்து போர்ஷன் பெண்ணுக்கு அது முன்பே தெரியும். நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

சாயங்காலம் கார்ப்பரேஷன் ஸ்கூல் வாசலில் பிள்ளையைக் கூட்டிப்போக நிற்கும் அம்மாக்கள் கூட்டத்தை நான் மிகவும் மதிக்கிறேன். அங்கே சாதி, ஊர், மொழி எல்லாம் கலந்திருக்கும். எந்த டீச்சர் நல்லவர், காலை உணவு ஒழுங்காக வருகிறதா, டியூஷன் எங்கே, காய்ச்சலுக்கு எந்த டாக்டர், எந்த எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையலுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று பத்து நிமிஷத்தில் கேட்டுவிடலாம். மணி அடிக்கும் நேரத்துக்கு ஓடாமல் கால் மணி முன்னால் போய் நில்லுங்கள்.

ஆஸ்பத்திரி ஓ.பி. வரிசையும் அப்படித்தான். ஸ்டான்லியிலோ ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரியிலோ சீட்டு வாங்கக் காத்திருக்கும்போது, நான்காவது முறை வந்திருக்கும் பெண்ணின் பக்கத்தில் உட்காருங்கள். எந்த நாளில் ஸ்கேன், எந்தக் கட்டடம், எந்த நகலைக் கொண்டுபோக வேண்டும் என்று அறிவிப்புப் பலகையைவிடத் தெளிவாகச் சொல்லுவார்.

கூடை வியாபாரம் செய்ய நினைப்பவர்கள் விடியற்காலையில் காசிமேடு போய், வாங்காமல் இரண்டு நாள் பார்த்தாலே போதும். ஏலம் எப்படிப் போகிறது, எந்த மீனை எந்தத் தெருவில் விற்கலாம் என்று கூடைக்காரம்மாக்கள் தங்களுக்குள் பேசுவதைக் கேட்கலாம். புது ஆளைக் கண்டால் முதலில் விரட்டுவது போல் பேசுவார்கள். இரண்டாம் நாளும் போய் நின்றால் டீ வாங்கித் தருவார்கள்.

இங்கெல்லாம் போக பஸ் செலவு தடையாக வேண்டாம். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை. இதைக்கூட ஒரு வருஷம் தெரியாமல் ஷேர் ஆட்டோவில் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். அவர் கணவருக்குத் தெரியும். சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை.

கேட்கும் விதம்

"எதாவது வேலை இருந்தா சொல்லுக்கா" என்றால் யாருக்கும் நினைவில் நிற்காது. "காலையில எட்டுலருந்து ஒரு மணி வரைக்கும், சமையல் தெரியும், வண்ணாரப்பேட்டைக்குள்ள" என்று சொல்லிப் பாருங்கள். அந்த அக்காவுக்கு அந்த மாதிரி ஒரு வீடு எதிர்ப்படும்போது உங்கள் முகம் ஞாபகம் வரும். ஆஸ்பத்திரி விஷயத்திலும் அப்படியே. "நல்ல டாக்டர் யாரு" என்று கேட்பதைவிட, "உங்க பாப்பாவுக்கு வீசிங் வந்தப்ப எங்க போனீங்க, எவ்வளவு ஆச்சு, என்ன கேட்டாங்க" என்று அவர் அனுபவத்தைக் கேளுங்கள். அபிப்பிராயம் ஆளுக்கு ஆள் மாறும். போய் வந்த கதையில் பிசகு குறைவு.

கேட்கிறவளாகவே இருந்தால் நாலாம் முறை கதவு மெதுவாகத்தான் திறக்கும். புதிதாக வந்தவளிடமும் கொடுக்க ஏதாவது இருக்கும். பூ கட்டத் தெரியும், ஊரிலிருந்து வந்த மல்லாட்டை (வேர்க்கடலை) இருக்கும், பக்கத்து வீட்டுப் பாப்பாவை ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்ளலாம். கணக்குப் பார்த்துக் கொடுக்கச் சொல்லவில்லை. கொடுத்து வாங்கும் வீட்டில்தான் செய்தியும் போய் வரும்.

தமிழ் பேசாதவர்களுக்கு

இந்தப் பக்கம் பல தலைமுறையாகத் தெலுங்கு பேசும் குடும்பங்கள் நிறைய. சௌகார்பேட்டையில் இந்தி சாதாரணமாகக் கேட்கும். வியாசர்பாடியில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் குடியேறிய தெருக்கள் உண்டு. அந்த வீட்டுப் பாட்டிகளுக்குப் புது ஊரில் திண்டாடுவது என்றால் என்னவென்று தெரியும், அவர்களிடம் தயங்காமல் போகலாம்.

உங்கள் மொழியும் தமிழும் தெரிந்த ஒரு பெண்ணைத் தேடுங்கள். பெண்ணாகவே இருக்கட்டும். ஆள் கூட்டிவந்த மேஸ்திரியையோ காண்டிராக்டரையோ மொழிபெயர்ப்புக்கு நம்பினால், கூலி எவ்வளவு என்ற விஷயத்தில் அவர் சொல்வதுதான் வேதமாகிவிடும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் மூன்று மாதத்தில் தமிழ் பேசுவார்கள். ரேஷன் கடைக்கு அவர்களைக் கூட்டிப்போவது சரி. டாக்டரிடம் மாதவிலக்கையோ வீட்டுச் சண்டையையோ பத்து வயதுப் பிள்ளையின் வாயால் சொல்ல வைக்காதீர்கள். பிள்ளை வெட்கத்தில் பாதியை விழுங்கிவிடும், மீதி அதன் மனதில் கிடக்கும்.

கேட்டதைச் சரிபார்ப்பது

இந்த இடத்தில்தான் நான் மிகவும் அடிபட்டேன், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். அக்கம்பக்கத்தில் பொய் சொல்பவர்கள் குறைவு. பழைய செய்தியை நிஜம் என்று நம்பிச் சொல்பவர்கள்தான் அதிகம். ஐந்து வருஷத்துக்கு முன்னால் அவருக்கு அப்படித்தான் நடந்திருக்கும். ஆகவே யார் எதைச் சொன்னாலும் "இது எப்போக்கா நடந்துச்சு?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு அந்த விஷயத்தோடு சம்பந்தமில்லாத இன்னொருவரிடம் கேளுங்கள். இரண்டும் ஒத்துப்போனாலும் மூன்றாவதாக, முடிவு செய்யும் அதிகாரம் எந்த மேஜையில் இருக்கிறதோ அங்கேயே ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

ரேஷனை எடுத்துக்கொள்ளுங்கள். "ஊர் கார்டு இங்க செல்லாது, இங்க புதுசா போடணும், ரெண்டாயிரம் ஆகும்" என்று சொல்லும் புரோக்கர்கள் இன்னமும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டம் 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. விழுப்புரம் கார்டை வைத்து இங்குள்ள கடையில் விரல் வைத்துப் பொருள் வாங்கலாம். வேறு மாநிலத்துப் பெண், தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் கார்டு வைத்திருந்தால், இங்கே தானியம் வாங்கலாம். கடைக்காரர் முதலில் முகம் சுளிக்கலாம். மாதக் கடைசியில் போகாமல் இரண்டாவது வாரத்தில், கூட்டமில்லாத நேரத்தில், ஏற்கெனவே அப்படி வாங்கும் ஒரு பெண்ணைக் கூட அழைத்துப் போங்கள். அந்தப் பெண் யார் என்று கண்டுபிடிப்பதுதான் இதில் உங்கள் வேலை.

ஸ்கூல் விஷயத்தில் ஒரு பீகார்ப் பெண்ணின் மகன் ஒரு முழு வருஷத்தை இழந்தான். டி.சி. இல்லாமல் சேர்க்கமாட்டார்கள் என்று அவர்கள் லைன் வீட்டில் எல்லாரும் ஒரே குரலாகச் சொன்னார்கள். எல்லாரும் ஒரே ஊர், ஒரே வேலை, அதனால் ஒரே தவறு. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி, எட்டாம் வகுப்பு வரை, டி.சி. தாமதமாகிறது என்றோ வயதுச் சான்று இல்லை என்றோ அரசுப் பள்ளி பிள்ளையைத் திருப்பி அனுப்ப முடியாது. எங்கள் குழுப் பெண் ஒருவர் கூடப் போய் ஹெச்.எம்.மிடம் பேசியதும் அன்றைக்கே சேர்த்துக்கொண்டார்கள்.

மாசமாக இருப்பவர்கள் யாரிடம் எதைக் கேட்டாலும், பன்னிரண்டு வாரத்துக்குள் பக்கத்து நகர ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்சம்மாவிடம் பதிந்து, பிக்மி எண் என்கிற கர்ப்பப் பதிவு எண்ணை வாங்கிவிடுங்கள். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் மதிப்புக்குக் கிடைப்பதற்கு அந்தப் பதிவுதான் வாசல். முதல் இரண்டு பிரசவத்துக்கு உண்டு. "அம்மா வீட்டுக்குப் போய்ப் பதிஞ்சுக்கலாம்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். பிரசவத்துக்கு ஊருக்குப் போகலாம், பதிவைத் தள்ளிப்போட வேண்டாம். குழந்தை பிறந்தால் 21 நாளுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். பெயர் இன்னும் முடிவாகவில்லை என்று காத்திருக்காதீர்கள், பெயரை ஒரு வருஷத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்த்துக்கொள்ளலாம்.

வீட்டு வேலை செய்பவர்களுக்கு 2007 முதல் தனி நல வாரியம் இருக்கிறது. பிள்ளைகள் படிப்புக்கும் பிரசவத்துக்கும் உதவித்தொகை உண்டு. எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு இது தெரியாது. ஏற்கெனவே கார்டு வைத்திருக்கும் ஒருவரைக் கண்டுபிடித்து, அவர் கார்டை ஒருமுறை கையில் வாங்கிப் பாருங்கள். கண்ணால் பார்த்தால்தான் நம்பிக்கை வரும், இ-சேவை மையத்திலும் என்ன கேட்பது என்று தெரியும்.

பணம் பற்றிய செய்தி

தகவலும் கடனும் இந்தப் பக்கம் ஒரே வாயிலிருந்துதான் வருகின்றன. வேலை சொன்ன அக்காவே சீட்டும் பிடிப்பார், வீடு காட்டியவரே தினவசூல் வட்டிக்குக் கடன் தரும் தண்டல்காரரையும் அறிமுகப்படுத்துவார். அவர் உங்களுக்கு நல்லது செய்தவர் என்பதால் மறுக்க நாக்கு எழாது. புதிதாக வந்தவர்கள் விழும் இடம் இதுதான்.

தீபாவளிச் சீட்டு, பலகாரச் சீட்டு, ஏலச்சீட்டு எதில் சேர்ந்தாலும், போன வருஷம் அதே ஆளிடம் போட்டுப் பணம் எடுத்த மூன்று பேரைத் தனித்தனியாகச் சந்தித்துவிட்டுச் சேருங்கள். அவரே கூட்டிவந்து காட்டும் மூன்று பேர் கணக்கில் சேராது. 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி சீட்டு நடத்தப் பதிவு வேண்டும். தெருச் சீட்டு எதிலும் அது இருக்காது, அவர் வீட்டைக் காலி செய்தால் உங்களிடம் இருப்பது ஒரு அட்டை மட்டுமே. எனக்கும் ஒருமுறை அட்டைதான் மிஞ்சியது. மகள் காதுகுத்துக்குச் சேர்த்த பணம்.

குழு லோன் என்று வருவதில் இரண்டு வகை உண்டு. மாதாமாதம் கூடி, சேமித்து, வங்கியில் கணக்கு வைத்திருக்கும் மகளிர் சுய உதவிக் குழு ஒன்று. பத்துப் பெண்களை ஒரே நாளில் சேர்த்து, ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்று கையெழுத்து வாங்கும் மைக்ரோ ஃபைனான்ஸ் இன்னொன்று. இரண்டையும் "குழு" என்றே சொல்லுவார்கள், அதனால்தான் குழப்பம். இரண்டாவதில் சேரும்போது கடனோடு பக்கத்து வீட்டுப் பெண்ணின் கஷ்டத்துக்கும் பொறுப்பேற்கிறீர்கள். அப்புறம் குழாயடியில் அவளோடு பேச்சு நின்றுபோகும். பேச்சு நின்றால் இவ்வளவு நேரம் நான் சொன்ன எல்லா வழியும் அடைபடும். ஏற்கெனவே வாங்கியிருந்தால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்: ரிசர்வ் வங்கியின் 2022 விதிகளின்படி வசூலுக்காகக் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் தொந்தரவு செய்யக்கூடாது, மிரட்டவோ கெட்ட வார்த்தை பேசவோ கூடாது. கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-இலேயே சட்டம் வந்துவிட்டது.

செல்போனில் வருவது

தெரு வாட்ஸப் குரூப் நல்ல உதவி. மிக்ஜாம் புயலின்போது 2023 டிசம்பரில் எங்கே படகு வருகிறது, எங்கே சாப்பாடு என்று அதில்தான் தெரிந்தது. அதே குரூப்பில்தான் இல்லாத அணை உடைந்ததாகவும் வந்தது. பார்வர்டு என்று போட்டு வருவதை நம்பாதீர்கள். உங்கள் பகுதி ஆள் தன் குரலில், இடம் சொல்லி, இன்றைக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜை நம்பலாம். "உதவித்தொகை வந்திருக்கு, ஓ.டி.பி. சொல்லுங்க" என்று யார் கேட்டாலும் சொல்ல வேண்டாம். பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அழையுங்கள். குப்பை, தெருவிளக்கு, மழைநீர் தேக்கத்துக்கு மாநகராட்சி எண் 1913.

தெருவில் கேட்க முடியாதவை

சில விஷயத்தைக் குழாயடியில் கேட்டால் சாயங்காலத்துக்குள் வீட்டுக்காரர் காதுக்குப் போய்விடும். அடி வாங்குவது, கருவைக் கலைக்க நினைப்பது, வேலை செய்யும் வீட்டில் யாராவது கை வைப்பது, வளர்ந்த பெண் பிள்ளை விஷயம் எல்லாம் அப்படி. இவற்றுக்கு உங்களைத் தெரியாத ஆள்தான் வேண்டும். பெண்களுக்கு 181, பிள்ளைகளுக்கு 1098, உடம்பு சம்பந்தமான சந்தேகத்துக்கு 104. எந்த நேரத்திலும் அழைக்கலாம். வேலை செய்யும் வீட்டில் நடக்கும் பாலியல் தொல்லைக்கு 2013-ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டு வேலை செய்பவர்களுக்கும் பொருந்தும். மாவட்ட அளவில் அதற்கென உள்ளூர்ப் புகார்க் குழு இருக்கிறது, மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அதன் முகவரியை 181-லேயே கேட்டு வாங்கலாம்.

இந்த எண்களை அக்கா, சித்தி என்று வேறு பெயரில் சேமித்து வையுங்கள். போனை வாங்கிப் பார்க்கும் வீடுகளில் இது அவசியம்.

ஒரு வருஷம் ஆன பிறகு

அதற்குள் உங்கள் நோட்டில் முப்பது நாற்பது பெயர் சேர்ந்திருக்கும். பாதி எண் மாறியிருக்கும், பொங்கலுக்கு ஒருமுறை உட்கார்ந்து திருத்துங்கள். யார் சொன்னது சரியாக இருந்தது, யார் சொன்னது பிசகியது என்று பக்கத்தில் ஒரு கோடு போட்டுவையுங்கள்.

எதிர் போர்ஷனுக்குச் சாமான் இறங்கினால், அவர்கள் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். அன்று சாயங்காலமே ஒரு சொம்பு தண்ணீரோடு போய் இவ்வளவையும் சொல்லிவிடுங்கள்: தண்ணீர் எத்தனை மணிக்கு, குடம் எங்கே வைப்பது, மோட்டார் யார் போடுவது, எந்தக் கடையில் ரேஷன், பால்வாடி எந்தச் சந்தில், நர்சம்மா என்றைக்கு வருவார், ராத்திரி எந்த மெடிக்கல் திறந்திருக்கும், எந்த வழியில் விளக்கு இல்லை, யாரிடம் சீட்டுப் போடக்கூடாது. கடைசி விஷயத்தை மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லுங்கள்.